நம்மைக் காக்கும் 48: எலும்பு முறிந்தவருக்கு எதுவரை கைகொடுக்கும்?

சாலை விபத்தில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது வீட்டாரை முதலில் பிடித்து ஆட்டுவது பணக் கவலைதான். தமிழ்நாட்டுக்குள் நடந்த விபத்து என்றால் முதல் 48 மணி நேரத்துக்கு அந்தக் கவலை வேண்டாம். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் அந்த நேரத்துக்கான சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. தொடக்கத்தில் ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்றிருந்தது. பிறகு 2 லட்சமாக உயர்த்தினார்கள். அடிபட்டவர் எந்த ஊர், எந்த மாநிலம், எந்த நாடு என்று பார்ப்பதில்லை. வருமான வரம்பும் இல்லை, காப்பீட்டு அட்டையும் தேவையில்லை. அரசு ஆஸ்பத்திரிகளிலும், திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும். 108-ஐ அழைத்தால், விபத்து நடந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அப்படிப்பட்ட ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போவார்கள்.

ஆனால் எலும்பு முறிவு 48 மணி நேரத்தில் முடிகிற விஷயமில்லை. இதை முதல் நாளே புரிந்துகொள்ளாததால்தான் பல குடும்பங்கள் மூன்றாம் நாள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கின்றன.

எலும்பு ஒரே இடத்தில் விரிசல் விட்டிருந்தால் மாவுக்கட்டு போதும். வேகமாக வந்த வண்டி மோதும்போது அப்படி நிற்பதில்லை. எலும்பு பல துண்டுகளாக நொறுங்கும், மூட்டுக்குள் வரை பிளக்கும், சில சமயம் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். தொடை எலும்பு ஒன்று முறிந்தாலே வெளியே ஒரு சொட்டுத் தெரியாமல் உள்ளுக்குள் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் கசியலாம். இடுப்பெலும்பு என்றால் இன்னும் அதிகம். அதனால் டாக்டர்கள் முதலில் மூச்சையும் ரத்த ஓட்டத்தையும்தான் பார்ப்பார்கள். "கால் இப்படிக் கிடக்கிறதே, யாரும் தொடவில்லையே" என்று அந்த நேரத்தில் சண்டை போடாதீர்கள்.

அடுத்து புண்ணைத் திறந்து மண், கல், செத்த தசை எல்லாவற்றையும் கழுவி எடுப்பார்கள். கிருமி எலும்புக்குள் இறங்காமலிருக்க ஆண்டிபயாட்டிக் ஊசியை எவ்வளவு சீக்கிரம் போடுகிறார்களோ அவ்வளவு நல்லது. பிறகு தோலுக்கு வெளியே கம்பிச் சட்டம் ஒன்றைப் பொருத்தி, எலும்பைத் தற்காலிகமாக அசையாமல் நிறுத்துவார்கள். முழங்காலுக்குக் கீழே நான்கைந்து கம்பிகள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, பாதி வேலையில் விட்டுவிட்டார்கள் என்று வீட்டார் பதறுவதுண்டு. வீக்கம் வடிந்து உடம்பு தேறிய பிறகு ராடு அல்லது பிளேட் வைப்பதுதான் முறை. அதற்குச் சில நாள், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகலாம். சதையும் தோலும் போயிருந்தால் வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டும் பிளாஸ்டிக் சர்ஜரியும் சேரும். காலைக் காப்பாற்றலாமா, எடுக்க வேண்டுமா என்பதை முடிவு செய்ய உதவும் மதிப்பெண் முறை ஒன்றை உருவாக்கியது நம் கோவை கங்கா மருத்துவமனை. தோல், எலும்பு, தசை மூன்றையும் தனித்தனியாக எடைபோடும் முறை அது.

ஆக, பெரிய ஆபரேஷன் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்கு அப்புறம்தான் வருகிறது. அந்தச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஒருவர் நோயாளியுடன் இருக்கும்போதே இன்னொருவர் ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுத் திட்ட அலுவலரைப் போய்ப் பாருங்கள். அட்டை இருந்தால் எண்ணைக் கொடுங்கள். இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் அன்றைக்கே தேடத் தொடங்குங்கள். சந்தேகத்துக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் உண்டு. தகுதி இல்லாதவர்கள், நிலைமை சீரானதும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம். அங்கே எலும்பு முறிவுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. தயங்க வேண்டியதில்லை.

வெளிமாநிலத்தில் அடிபட்டால் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் திட்டம் இருக்கிறது: 7 நாள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை. இந்தத் திட்டம், நம்மைக் காக்கும் 48 இரண்டுமே சாலை விபத்துக்கு மட்டும்தான். சாரத்திலிருந்தோ தென்னை மரத்திலிருந்தோ விழுந்தவருக்கு இவை பொருந்தாது. நேராகக் காப்பீட்டு அட்டை, இல்லாவிட்டால் ஜி.எச்.

நாட்டுக் கட்டு பற்றியும் சொல்லியாக வேண்டும். தோல் கிழிந்த முறிவிலும், துண்டு துண்டான முறிவிலும் இறுக்கிக் கட்டுவது மிக ஆபத்து. உள்ளே வீக்கம் ஏற ஏற ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். எந்தக் கட்டாக இருந்தாலும் விரலை லேசாக நீட்டும்போதே உயிர் போகிற வலி, மரத்துப் போவது என்று வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நேரமே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

போலீஸ் வரட்டும், கேஸ் எழுதட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போட எந்த ஆஸ்பத்திரிக்கும் உரிமையில்லை. 1989-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தவர் மீதும் வழக்கு பாயாது; மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைக் காக்கிறது.

ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல்), எஃப்.ஐ.ஆர்., எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். இழப்பீட்டு வழக்குக்குச் சட்டம் 6 மாதக் கெடு வைத்திருக்கிறது, அதற்குள் வக்கீலைப் பார்த்துவிடுங்கள். மோதிய வண்டி எதுவென்றே தெரியாமல் போனாலும் வழி இருக்கிறது. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். அதற்கு 50,000 ரூபாய் நிவாரணம் கேட்டு, விபத்து நடந்த பகுதியின் வருவாய் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அல்லது தாசில்தார் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.