555-இன் ஏழாவது கால்

சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்த எலக்ட்ரானிக்ஸ் கிட் அது. எட்டுக் கால் கொண்ட 555 என்ற டைமர் ஐ.சி. (சிப்) ஒன்று, மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் மூன்று, 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, சிவப்பு எல்.இ.டி. ஒன்று, 9 வோல்ட் பேட்டரிக்கான கிளிப், இவற்றையெல்லாம் பொருத்த விரல் நீளப் போர்டு. விநாடிக்கு ஒரு முறை கண் சிமிட்டும் விளக்கு, அவ்வளவுதான். பற்றவைத்து முடித்ததும் அக்கா மகள் பேட்டரியை மாட்டினாள். எல்.இ.டி. ஒரே ஒரு தடவை எரிந்து அணைந்தது. அப்புறம் எரியவேயில்லை.

“மாமா, போச்சா?” என்றாள்.

போகவில்லை. ஒரு தடவையாவது எரிந்ததே, அதுவே நல்ல துப்பு. அதைப் படிக்க, இந்த விளக்கு எப்படிச் சிமிட்டுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கெப்பாசிட்டரை ஒரு குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியிலிருந்து மின்சாரம் 10 கே, 68 கே (கே என்றால் ஆயிரம் ஓம்) என்ற இரண்டு ரெசிஸ்டர்களையும் கடந்து மெதுவாக அதில் நிரம்புகிறது. நிரம்பும் வரை விளக்கு எரியும். 555-இன் 2-ஆம் காலும் 6-ஆம் காலும் குடத்தின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. மட்டம் 6 வோல்ட்டைத் தொட்டதும் 6-ஆம் கால் ‘போதும்’ என்கிறது, விளக்கு அணைகிறது. அதே கணத்தில் 7-ஆம் கால் ஐ.சி.க்குள்ளேயே கிரவுண்டோடு, அதாவது பேட்டரியின் மைனஸ் பக்கத்தோடு, சேர்ந்துவிடும். குடத்தின் அடியில் குழாயைத் திறந்துவிட்டது போல. 68 கே வழியாக வடிந்து 3 வோல்ட்டுக்கு இறங்கியதும், 2-ஆம் கால் குழாயை மூடச் செய்கிறது. மறுபடி விளக்கு, மறுபடி நிரப்பல்.

சரி, 3, 6 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? ஐ.சி.க்குள் ஒரே அளவுள்ள மூன்று 5 கே ரெசிஸ்டர்கள் ஏணிப்படி போல அடுக்கப்பட்டிருக்கின்றன. 9 வோல்ட்டை அவை மூன்று சம பங்காகப் பிரிக்கின்றன. இந்த மூன்று ஐந்துகளால்தான் 555 என்ற பெயர் வந்தது என்று பலர் சொல்வார்கள். அதை வடிவமைத்த ஹான்ஸ் காமென்சிண்ட் என்பவரோ, அந்த எண் சும்மா வைத்ததுதான் என்று சொல்லியிருக்கிறார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. கெப்பாசிட்டர் 9 வோல்ட்டை நோக்கி ஏறுகிறது. 3-இல் இருக்கும்போது இன்னும் 6 வோல்ட் பாக்கி. 6-க்கு வந்ததும் பாக்கி 3. அதாவது பாக்கி பாதியாகிறது. இறங்கும்போதும் 6 என்பது 3 ஆகிறது, அங்கேயும் பாதிதான். பாதியாக ஆகும் நேரத்தை ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் மட்டுமே முடிவு செய்கின்றன: இரண்டையும் பெருக்கி 0.693-ஆல் பெருக்கினால் போதும். நம் கிட்டில் ஏற 0.54 விநாடி, இறங்க 0.47 விநாடி. ஏறும்போது 10 கே கூடுதலாகச் சேர்வதால் அந்தச் சிறு வித்தியாசம். இப்போது பேட்டரி தேய்ந்து 7.2 வோல்ட்டுக்கு வந்துவிட்டது என்று வையுங்கள். எல்லைகளும் 2.4, 4.8 என்று தாமாகவே இறங்கிவிடும். பாக்கி 4.8-இலிருந்து 2.4, மறுபடியும் பாதி! வெளிச்சம் மங்கும், தாளம் மாறாது.

இந்த எளிமை முதலிலேயே வந்துவிடவில்லை. 1971-இல் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக காமென்சிண்ட் போட்ட முதல் வடிவத்தில் ஒன்பது கால்கள் இருந்தன. கெப்பாசிட்டரைச் சீராக நிரப்ப ஒரு தனிச் சுற்றும் இருந்தது. அதற்குப் பதில் வெறும் ரெசிஸ்டரே போதும் என்று பிறகு கண்டுகொண்டார். எட்டுக் கால் ஆனது. 1972-இல் சந்தைக்கு வந்தது, இன்றும் விற்கிறது.

இப்போது எங்கள் போர்டுக்கு வருவோம். ஒரு முறை எரிந்திருக்கிறது என்றால் குடம் 6 வோல்ட் வரை நிரம்பியிருக்கிறது. திரும்ப எரியவில்லை என்றால் வடியவில்லை. வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டரைக் கெப்பாசிட்டரில் வைத்தேன்: கிட்டத்தட்ட 9 வோல்ட். சந்தேகமே இல்லை, 7-ஆம் கால். போர்டைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தோம். மற்ற கால்களில் ஈயம் பளபளவென்று கூம்பு போல ஏறியிருந்தது. 7-இல் மட்டும் சாம்பல் நிறத்தில் உருண்டையாக, காலைச் சுற்றி மயிரிழை அளவு வட்டக் கோடு. டிரை சால்டர். காலையும் செம்பையும் ஒன்றாகச் சூடாக்காமல், ஈயத்தை மட்டும் உருக்கி மேலே வைத்தால் இப்படித்தான் ஆகும். அயர்ன் முனையை இரண்டையும் தொடும்படி மூன்று விநாடி வைத்து, கொஞ்சம் ஈயம் கொடுத்ததும் அது வழிந்து காலைப் பற்றிக்கொண்டது. விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது.

நீங்கள் செய்யும்போது ஒன்று செய்து பாருங்கள். 10-க்குப் பதிலாக 100 மைக்ரோ ஃபாரட் போட்டு, மல்டிமீட்டரை அதன் மேல் வையுங்கள். மைனஸ் கோடு போட்ட கால் கிரவுண்டுக்குத்தான் போக வேண்டும், மறந்துவிடாதீர்கள். எண் மெல்ல ஏறுவதும், 6-ஐத் தொட்டதும் விளக்கு அணைந்து எண் இறங்குவதும் கண்ணெதிரே நடக்கும். முதல் தடவை மட்டும் விளக்கு எட்டரை விநாடிக்கு மேல் எரியும், அடுத்தடுத்து ஐந்தரை விநாடிக்குக் கொஞ்சம் குறைவாக. ஏனென்றால் முதலில் குடம் காலி. பூஜ்யத்திலிருந்து ஏற வேண்டும்.

அக்கா மகள் வேறு வழியில் போனாள். 0.01 மைக்ரோ ஃபாரட் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். ஆயிரத்தில் ஒரு பங்கு கெப்பாசிட்டர், ஆயிரம் மடங்கு வேகம். போட்டதும் எல்.இ.டி. விடாமல் எரிவது போலத் தெரிந்தது. சிமிட்டல் கண்ணுக்கு எட்டவில்லை. விளக்கை எரிய வைப்பது 3-ஆம் கால். அதற்கும் கிரவுண்டுக்கும் நடுவில், மின்சாரத்துக்கேற்ப அதிர்ந்து ஒலி எழுப்பும் ஒரு பீசோ தகட்டை வைத்தோம். அதே சிமிட்டல் இப்போது கீ... என்று காதில் கேட்டது.