ஆட்டோபைலட்: ஓட்டுநர் துணை

'ஆட்டோபைலட்' என்பதன் முற்பாதி 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். பிற்பாதியோ கப்பலின் சுக்கான் துடுப்பைக் குறித்த கிரேக்க வேரிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் சேர்ந்தது. ஆகவே பைலட் முதலில் கப்பலைச் செலுத்தியவர், நம் வழக்கில் மீகாமன். 1914இல் பாரிசுக்கு அருகே அமெரிக்க விமானி லாரன்ஸ் ஸ்பெர்ரி, விமானத்தைத் தானே நிலையாகப் பறக்கவைக்கும் கைரோஸ்கோப் (சுழல்சக்கரக் கருவி) பொருத்திய விமானத்தில் கைகளை உயர்த்திக் காட்டியதுமுதல், கையை எடுத்துவிடலாம் என்னும் எண்ணமும் இக்கருவியோடு ஒட்டிக்கொண்டது.

2015இல் டெஸ்லா கார்களில் இப்பெயருடன் வந்த வசதி இரண்டாம் நிலைத் தானியக்கத்தைச் சேர்ந்தது: வேகத்தையும் தடத்தையும் கார் பார்த்துக்கொள்ளும், சாலையைப் பார்க்க வேண்டியவர் ஓட்டுநர். மனிதக் கண் மிகக் கூர்மையாகக் காண்பது ஏறத்தாழ இரண்டு பாகைப் பரப்பை மட்டுமே என்பதால், முன்சாலை, பக்கக் கண்ணாடிகள், வேகமானி என்று பார்வையை இடைவிடாமல் மாற்றித்தான் ஓட்டுநர் சூழலை அறிகிறார். ஸ்டீயரிங்கைத் தாமே திருப்பும்வரை அந்தத் தேவையே கண்ணைச் சாலைக்கு இழுத்துவரும். அது நீங்கியதும் பார்வை திரைக்கும் கைப்பேசிக்கும் எளிதில் நழுவுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 2 நொடி கண் விலகினால், கார் 55 மீட்டர் கடந்திருக்கும்.

2018 மார்ச்சில் கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில் இவ்வசதி இயங்கிய கார் சாலைத் தடுப்பில் மோதி ஓட்டுநர் இறந்தார். கைப்பேசி விளையாட்டில் அவர் கவனம் சென்றிருக்கக்கூடும் என்று கூறிய அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், ஸ்டீயரிங்கில் கை படுகிறதா என்று அளப்பது கவனத்தை அளப்பதாகாது என்பதையும் சுட்டியது. கண் செல்லும் திசையைக் கேமராவால் கண்காணிக்கும் முறை இக்குறையைப் போக்க வந்ததே.

தமிழில் ஆட்டோபைலட்டைத் 'தானியங்கி ஓட்டுநர்' என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. அது இல்லாத ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்திவிடுகிறது. புறநானூற்றின் 27ஆம் பாடல் 'வலவன் ஏவா வான ஊர்தி' என்கிறது. வலவன் என்பவன் தேர்ப்பாகன். அத்தொடரை ஒட்டி 'வலவனிலா ஊர்தி' என ஆக்கினால், சான் பிரான்சிஸ்கோவில் ஓட்டுநரின்றி ஓடும் வேமோ வாடகைக் கார்களுக்கு அது அழகாகப் பொருந்தும். இரண்டாம் நிலைக்கு 'ஓட்டுநர் துணை' போதும். 'ஓட்டுத்துணை' எனச் சுருக்கினால் வாக்குச்சீட்டு நினைவுக்கு வரும். அதைவிட, ஓட்டுநர் என்னும் சொல் பெயருக்குள்ளேயே இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டு: 'ஓட்டுநர் துணை இயங்குகிறது, சாலையைப் பாருங்கள்.'