டார்க் பேட்டர்ன்: ‘இருண்ட வடிவம்’ அல்ல, ஏமாற்று உத்தி

டார்க் பேட்டர்ன் என்பதை ‘இருண்ட வடிவம்’ என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். சொல்லைப் பிய்த்து மொழிபெயர்த்ததில் பொருள் கீழே விழுந்துவிட்டது.

நாம் கேட்காத ஒன்றை நம் கையாலேயே செய்ய வைக்கும்படி திரையை அமைப்பதுதான் டார்க் பேட்டர்ன். விமான டிக்கெட் எடுக்கும் பக்கத்தில் பயணக் காப்பீட்டுக்கு முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருப்பார்கள். வேண்டாம் என்றால், ‘பாதுகாப்பு இல்லாமலே இருந்துகொள்கிறேன்’ என்று எழுதிய பொத்தானை அழுத்த வேண்டும். காப்பீடு சேர்க்கும் பொத்தான் பெரிதாகப் பளிச்சென்று இருக்கும். மறுக்கும் பொத்தானோ சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும்.

இந்தப் பெயரை 2010இல் வைத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த திரை வடிவமைப்பு வல்லுநர் ஹாரி பிரிக்நல். பேட்டர்ன் பழைய பிரெஞ்சு வழி வந்த சொல். பின்பற்றத்தக்க மாதிரி என்று பொருள். அடிக்கடி எழும் சிக்கலுக்கு அடிக்கடி கையாளும் தீர்வு என்ற பொருளைக் கட்டடக்கலையில் 1977இல் பரப்பியவர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர். மென்பொருள்காரர்கள் அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

ஆக, இங்கே பேட்டர்ன் என்பது வடிவம் அல்ல, கையாளும் வழி. வட்டமும் சதுரமும்தான் வடிவம். கையாளும் வழிக்குத் தமிழில் உத்தி இருக்கிறது. நூல் எழுதும் வழிகளை நன்னூல் 32 உத்திகளாக அடுக்கிவைத்திருக்கும்போது, வடிவத்தைக் கடன் வாங்குவானேன்?

‘இருண்ட’ இன்னும் மோசம். ஆங்கில டார்க்கில் கள்ளத்தனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் இருண்டது என்றால் வெளிச்சமில்லை, அவ்வளவுதான். போனில் டார்க் மோடு வைத்திருப்பவர் ‘இருண்ட வடிவங்களுக்குத் தடை’ என்ற தலைப்பைப் படித்தால் கறுப்புத் திரையைத்தான் நினைப்பார். அதைவிடப் பெரிய குறை, ஏமாற்றுபவரை இந்தச் சொல் மறைத்துவிடுகிறது. இருட்டு தானாக வருவது. இது திட்டமிட்டுச் செய்வது. இரண்டு விதமாகத் திரையைப் போட்டுப் பார்த்து, எதில் குறைவான பேர் விலகுகிறார்களோ அதையே வைத்துக்கொள்கிறார்கள். வெளியேற வழி தெரியாமல் தவித்தவரும் அந்தக் கணக்கில் ‘தங்கிய வாடிக்கையாளர்’. மக்கள் கேட்பது ஒன்று, நிறுவனங்கள் அளப்பது வேறொன்று. அமேசான் பிரைமிலிருந்து விலகும் வழிக்கு அந்நிறுவனத்துக்குள் வழங்கிய பெயர் ‘இலியட்’, நெடும்போரைப் பாடும் கிரேக்கக் காவியத்தின் பெயர். 4 பக்கம், 6 கிளிக், 15 தெரிவுகள் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2023 ஜூனில் தொடுத்த வழக்கில் எண்ணிக் காட்டியது. இதில் இருட்டு எங்கே இருக்கிறது?

தூய தமிழ் வேண்டுவோர் ‘கரவு’ என்கிறார்கள். வஞ்சனை என்று பொருள். அழகான பழஞ்சொல்தான், ஆனால் விளக்கத்துக்கே விளக்கம் எழுத வேண்டிவரும். ‘ஏய்ப்பு’ பரவாயில்லை, வரி ஏய்ப்பு அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஏமாற்று எல்லோருக்கும் தெரியும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைப்பவர் ‘ஏமாத்திட்டாங்க’ என்றுதான் பேச்சைத் தொடங்குவார். பெயர் வைத்த பிரிக்நல்லே பிற்பாடு டார்க்கைக் கைவிட்டு, ஏமாற்று என்ற பொருள்படும் சொல்லுக்கு மாறிவிட்டார். மூலக்காரரே விட்டதை நாம் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் தடுத்த வகைகள் 13. அவற்றையும் இப்படியே சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘டிரிப் பிரைசிங்’ என்பதற்குச் ‘சொட்டு விலை’ போன்ற விபரீதங்கள்தான் கிடைக்கும். முதலில் ஒரு விலையைக் காட்டி, பணம் கட்டும் பக்கத்தில் கட்டணங்களைக் கூட்டுவதை ‘ஏறும் விலை’ எனலாம். கேட்காத பொருளைக் கூடையில் போடுவது ‘கூடையில் சொருகல்’. மறுத்தால் வெட்கப்பட வைக்கும் அந்தப் பொத்தானுக்குக் ‘குத்திக்காட்டல்’. திரும்பத் திரும்ப அனுமதி கேட்பதற்கு ‘நச்சரிப்பு’; இதற்குப் புதுச்சொல்லே தேவையில்லை.