கேஸ்லைட்டிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

"பீரோ சாவியை நீதான் எங்கேயோ வெச்சிட்டு மறந்துட்ட. போன வாரமும் இப்படித்தான்." சொல்கிறவர் கணவர். சாவி அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது. தேடிக் களைத்த மனைவி, "எனக்கு ஞாபகமே சரியில்லம்மா" என்று தாயிடம் போனில் அழுகிறாள். அடி இல்லை, கூச்சல் இல்லை. பக்கத்து வீட்டுக்கு எதுவும் கேட்காது. இப்படி ஒருவரைத் தன் புத்தியின் மேலேயே நம்பிக்கை இழக்க வைப்பதுதான் கேஸ்லைட்டிங்.

இந்த கேஸ் அடுப்பு கேஸ் அல்ல, விளக்கு கேஸ். பாட்ரிக் ஹாமில்டனின் 1938ஆம் ஆண்டு நாடகம் 'கேஸ் லைட்'. அதில் கணவன் வீட்டுப் பொருள்களைத் தானே ஒளித்துவிட்டு, மனைவிக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக நம்பவைப்பான். இரவில் நகை தேடி மேல்மாடிக்கு ரகசியமாகப் போய் அவன் கேஸ் விளக்கேற்றும்போது, கேஸ் பங்காகிக் கீழே அவள் அறையில் விளக்கு மங்கும். 1944இல் வந்த ஹாலிவுட் படத்தில் மனைவியாக நடித்த இங்க்ரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கர் கிடைத்தது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2022க்குத் தேர்ந்த சொல்லும் இதுவே.

சரி, தமிழில்? 'வாயுவிளக்கேற்றல்' என்றால் மாநகராட்சி டெண்டர் போல இருக்கும். 'ஏமாற்று' போதாது. ஏமாந்தவருக்கு ஏமாற்றியவர் மேல் கோபம் வரும். இங்கே சந்தேகம் தன் மேலேயே திரும்புகிறது. "என்னையே பைத்தியமாக்குறார்" என்று பெண்கள் சொல்வது எவ்வளவோ பொருத்தம், ஆனால் கலைச்சொல்லாக நீளம்.

என் ஓட்டு 'மருட்டு'க்கு. மருள் என்றால் மயக்கம், தெளிவின்மை. "பொருளல்ல வற்றைப் பொருளென்று உணரும்" நிலையை மருள் என்கிறது குறள் (351). "மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பதிலும் இதே மருள்தான். உருள் உருட்டு ஆவதுபோல மருள் மருட்டு ஆகும்போது பிறவினை. அவள் தானாக மருளவில்லை, யாரோ மருட்டுகிறார்கள் என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. (இன்றைய பேச்சில் 'உருட்டு' ஒரு தடவை விடும் புளுகு. மருட்டு நாள்தோறும் நடப்பது. எல்லாப் பொய்யையும் கேஸ்லைட்டிங் என்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்கலாம்.) மருட்டுக்கு மிரட்டு என்றும் பொருள் உண்டு என்பதால் 'மதிமருட்டு' என்றால் குழப்பம் இருக்காது.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் சொல்லாலும் மனத்தளவிலும் செய்யும் கொடுமையையும் வன்முறையாகவே கணக்கில் எடுக்கிறது. புகார் எழுதும்போது மதிமருட்டு என்ற சொல் மட்டும் உதவாது. சாவி எந்தத் தேதியில் காணாமல் போனது, யார் பையில் கிடைத்தது என்று எழுத வேண்டும். பெண்கள் உதவி எண் 181.