தலைவலி என்று அவர் நான்கு முறை சொன்னார்

இரவு ஏழு மணி, ஷிப்ட் மாறும் நேரம். பிரசவம் முடிந்தவர்களுக்கான வார்டு. பகல் ஷிப்ட் நர்ஸ் ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று விவரம் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு வாசலில் மட்டும் குரலைத் தாழ்த்தினார். "இவங்க கொஞ்சம் படுத்துவாங்க. சும்மா சும்மா பெல் அடிப்பாங்க." நானும் தலையாட்டிக்கொண்டேன்.

உள்ளே இருந்தவர் முப்பது வயதைத் தாண்டிய ஒரு கறுப்பினப் பெண். குழந்தை பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தலை வலிக்கிறது என்றார். தூக்கமில்லாததால் இருக்கும் என்று சொல்லி மாத்திரை கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன். மறுபடி பெல். மறுபடி தலைவலி. "கொஞ்சம் கண்ணை மூடிப் படுங்க" என்றேன். மூன்றாவது முறை, கண்முன்னால் பூச்சி பறப்பதுபோல் இருக்கிறது என்றபோதுதான் பிபி பட்டையை எடுத்துக் கையில் சுற்றினேன். 168-க்கு 112. பதினைந்து நிமிடம் கழித்து எடுத்தால் 172-க்கு 110.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. டாக்டர் ஓடி வந்தார். ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஊசி, வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சொட்டு, மணிக்கு ஒரு தரம் முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது. பிழைத்துக்கொண்டார். விடியற்காலையில் என் கையைப் பிடித்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பகலிலிருந்து நாலு தடவை சொன்னேன். யாராவது எழுதினீங்களா?" குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு வரி இருந்தது: 'ஓய்வெடுக்க அறிவுறுத்தப்பட்டது.'

அமெரிக்காவின் தெற்கில் பிரசவ வார்டுகளில் பல வருடம் வேலை பார்த்த பிறகுதான் அந்த இரவு வந்தது. பிரீ-எக்லாம்ப்சியா (கர்ப்பத்தையொட்டி ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறும் நோய்) பாடத்தை எந்தத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். குழந்தை பிறந்த பிறகும் அது வரும் என்று தெரியும். தெரிந்தும் அவர் சொன்னதை நம்பவில்லை. ஏன் என்ற கேள்விக்கு என் நர்சிங் புத்தகங்களில் விடை இல்லை. கறுப்பினப் பெண்ணியவாதிகள் எழுதியவற்றைத் தேடிப் படித்தபோதுதான் கிடைத்தது.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் 2023 கணக்குப்படி, உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இறக்கும் தாய்மார்கள் வெள்ளையரில் 14.5 பேர், ஆசியரில் 10.7 பேர். கறுப்பினத்தவரில் 50.3 பேர். ஏழைகள், படிக்காதவர்கள், அதனால்தான் என்று பலர் உடனே சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் பட்டப்படிப்பு முடித்த கறுப்பினப் பெண்களின் இறப்பு விகிதம், பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காத வெள்ளையினப் பெண்களுடையதைவிட அதிகம்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற அமெரிக்க அணியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேரும் கறுப்பினப் பெண்கள், உலகிலேயே வலுவான உடல்கள். அவர்களில் அலிசன் பெலிக்ஸுக்குக் கடுமையான பிரீ-எக்லாம்ப்சியா வந்து 2018-இல் 32-ஆவது வாரத்திலேயே குழந்தையை எடுக்க வேண்டியிருந்தது. தியானா மேடிசனுக்கு 26-ஆவது வாரத்தில் வலி எடுத்துவிட்டது. டோரி போவி 2023-இல் எட்டு மாதக் கர்ப்பிணியாக வீட்டில் தனியே இறந்துகிடந்தார். செரீனா வில்லியம்ஸ் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 2017-இல் சிசேரியன் முடிந்த மறுநாள் மூச்சுத் திணறியது. அவருக்கு ஏற்கெனவே நுரையீரலில் ரத்தக்கட்டி வந்திருக்கிறது. ஸ்கேன் எடுங்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுங்கள் என்று அவரே சொன்னார். வலி மருந்தில் உளறுகிறார் என்று நினைத்தார் நர்ஸ். அந்த இடத்தில் நான் என்னைத்தான் பார்த்தேன். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது நுரையீரலில் ரத்தக்கட்டிகள் இருந்தன.

கறுப்பினப் பெண்ணியவாதியும் சட்டப் பேராசிரியருமான கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு வழக்கைப் பேசுகிறார். ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 1964-க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுத்ததில்லை. பின்னால் ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் வெளியே என்ற விதியில், 1970-க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் மொத்தமாகப் போனார்கள். ஐந்து பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1976-இல் நீதிமன்றம் என்ன சொன்னது? நிறுவனம் பெண்களை எடுத்திருக்கிறது (அவர்கள் வெள்ளையர்). கறுப்பினத்தவருக்கு எதிரான பாகுபாடு என்றால் அதைத் தனியே கேளுங்கள். இரண்டையும் சேர்த்து 'கறுப்பினப் பெண்கள்' என்று ஒரு புது வகையாக வந்து நிற்க முடியாது. கிரென்ஷா இதை நாற்சந்தியில் நடக்கும் விபத்தோடு ஒப்பிட்டார். வண்டி இந்தச் சாலையிலிருந்தும் வரலாம், அந்தச் சாலையிலிருந்தும் வரலாம், இரண்டிலிருந்தும் ஒரே நேரத்திலும் வரலாம். எந்தச் சாலை வண்டி என்று நிரூபித்தால்தான் ஆம்புலன்ஸ் என்றால், நடுவில் கிடப்பவர் கிடக்க வேண்டியதுதான்.

இதைப் படித்தபோது என் வார்டுதான் கண்முன் வந்தது. பெண்களின் வலியை மிகைப்படுத்தல் என்று தள்ளும் பழக்கம் மருத்துவத்தில் வெகுகாலமாக உண்டு. கறுப்பினத்தவருக்கு வலி குறைவாகத்தான் தெரியும் என்ற பொய்யும் உண்டு. 2016-இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வில், வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் பாதிப் பேர், கறுப்பினத்தவரின் தோல் தடிமன் என்பதுபோன்ற ஏதாவது ஒரு பொய்யை நம்பியது தெரியவந்தது. இந்த இரண்டு சாலையும் கூடும் இடத்தில்தான் அந்தப் பெண் படுத்திருந்தார். மூன்றாவது சாலை ஒன்றும் இருந்தது. அவருக்கு முதியவர்களை வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை. சம்பளத்தோடு பிரசவ விடுப்பு கிடையாது. மூன்றாவது வாரமே திரும்பப் போக வேண்டும் என்றார். இதற்கும் வரலாறு இருக்கிறது. குறைந்தபட்சக் கூலியைக் கொண்டுவந்த 1938 சட்டம் வீட்டு வேலையையும் விவசாயக் கூலியையும் விட்டுவிட்டது. அன்று வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் இந்த இரண்டில்தான் இருந்தார்கள். 1974-இல் வீட்டு வேலை சேர்க்கப்பட்டபோதும் முதியோரைப் பார்த்துக்கொள்பவர்கள் வெளியேதான் நின்றார்கள். 2015-இல்தான் அது ஓரளவு சரியானது.

என் துறையின் வேர் இன்னும் கசப்பானது. நவீன மகளிர் நோய் மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்பட்ட மாரியன் சிம்ஸ், 1840-களில் அலபாமாவில் அடிமைப் பெண்களை மயக்க மருந்தின்றித் திரும்பத் திரும்ப அறுத்துத்தான் தன் முறையைக் கண்டுபிடித்தார். அனார்கா, பெட்சி, லூசி என்ற மூன்று பெயர்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த அவருடைய சிலையை 2018-இல்தான் எடுத்தார்கள். 1961-இல் மிசிசிப்பியில், பின்னாளில் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காகப் போராடிய பேனி லூ ஹேமர் ஒரு கட்டியை எடுக்கப் போனார், அவரைக் கேட்காமலே கருப்பையை எடுத்துவிட்டார்கள். அந்த ஊரில் அது சகஜமாக நடந்தது. அதனால்தான் 1994-இல் சிகாகோவில் கூடிய பன்னிரண்டு கறுப்பினப் பெண்கள், கருக்கலைப்பு உரிமை மட்டும் எங்களுக்குப் போதாது என்றார்கள். பிள்ளை வேண்டாம் என்பதும், வேண்டும் என்பதும், பெற்ற பிள்ளையைப் பயமில்லாமல் வளர்ப்பதும் சேர்ந்ததுதான் நீதி என்று அதற்கு 'இனப்பெருக்க நீதி' என்று பெயர் வைத்தார்கள்.

ஆணாதிக்கத்தைப் பற்றிக் கறுப்பினப் பெண்ணியவாதிகள் சொல்வதும் எனக்குப் புதிதாக இருந்தது. 1977-இல் பாஸ்டனில் கூம்பாஹீ ரிவர் கலெக்டிவ் என்ற குழு ஓர் அறிக்கை எழுதியது. (1863-இல் ஹாரியட் டப்மன் எழுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை மீட்ட ஆற்றின் பெயர் அது.) இனவெறிக்கு எதிராக எங்கள் ஆண்களோடு சேர்ந்து நிற்கிறோம், ஆணாதிக்கத்தின் பேரில் அதே ஆண்களோடு சண்டையும் போடுகிறோம் என்றார்கள். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம் என்ற பேச்சை அவர்கள் ஏற்கவில்லை. எனக்கு அதுதான் பிடித்தது.

நல்லெண்ணம் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. முதல் பிரசவம் சிசேரியன் என்றால் அடுத்தது சுகப்பிரசவமாக எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட ஒரு கணிப்பான் உண்டு. வயது, எடை எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும், ஆப்பிரிக்க அமெரிக்கர் என்ற கட்டத்தில் டிக் போட்டால் சதவீதம் இறங்கிவிடும்படிதான் முன்பு அது இருந்தது. அந்த எண்ணைப் பார்த்து, மறுபடி சிசேரியனே பண்ணிக்கொள்ளுங்கள் என்று பெண்களிடம் சொல்லப்பட்டதை நான் கேட்டிருக்கிறேன். யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. 2021-இல் அந்தக் கட்டத்தை நீக்கினார்கள்.

இங்கே மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் நம் ஆட்களிடமும் பேச வேண்டியிருக்கிறது. "அவங்க அப்படித்தான்" என்ற வார்த்தையைச் சாப்பாட்டு அறையில் தமிழில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! நானே சொல்லியும் இருக்கிறேன். ஊரில் நிறத்தையும் சாதியையும் வைத்து ஆளை எடைபோட்டுப் பழகிய கண்ணோடுதான் விமானம் ஏறுகிறோம். இங்கே அது வெகு சுலபமாக வேறொருவர்மேல் பொருந்திவிடுகிறது.

இப்போது ஷிப்ட் மாறும்போது யாராவது "படுத்துவாங்க" என்றால், என்ன கேட்டார்கள், எத்தனை மணிக்குக் கேட்டார்கள் என்று நின்று கேட்கிறேன். அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே மேற்கோள் குறிக்குள் எழுதுகிறேன். 'ஓய்வெடுக்க அறிவுறுத்தப்பட்டது' என்று எழுதுவதை விட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ குழந்தை பெற்றவர் இருந்தால் இதைச் சொல்லிவையுங்கள். மாத்திரைக்கும் அடங்காத தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது, வலப்பக்கம் விலா எலும்புக்குக் கீழே வலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுவதும் நனைவது, எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். அவசரப் பிரிவில் நுழைந்ததும் பெயருக்கும் முன்னால், "எனக்குக் குழந்தை பிறந்து இத்தனை வாரம் ஆகிறது" என்று சொல்லுங்கள். கூடப் போகிறவர் அதையே இன்னொரு முறை சொல்லட்டும், அதை எழுதும்வரை பக்கத்திலேயே நிற்கட்டும்.