ஒரு கபாசிட்டர் போடும் ஜாரு

"ஹவுஸ் மியூசிக் எல்லாமே ஒரே தும் தும்தானே, இதில் கற்பனைக்கு எங்கே இடம்?" என்று மாட்டுங்காவிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்தார். ஹவுஸ் என்பது கிளப்புகளில் ஆடுவதற்காக டிஜேக்கள் போடும் மின்னணு இசை. தும் தும்முக்குக் காரணம் எளிது. டிஜே ஒரு பாட்டு முடியுமுன்பே அடுத்ததை அதன்மேல் ஏற்றியாக வேண்டும். தாளம் பிசகினால் ஆடுகிறவர் கால் தடுமாறும். அதனால்தான் நிமிடத்துக்குச் சுமார் 125 அடி, அடிக்கு ஒரு டிரம்.

எனக்குப் பிடித்த சங்கதி வேறு. 1981-இல் ரோலண்ட் நிறுவனம் டிபி-303 என்றொரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தது. தனியே கிட்டார் பழகுகிறவருக்கு அது பேஸ் (கீழ்ஸ்தாயி) வாசித்துத் துணைபோகும் என்று கணக்கு. கணக்கு பொய்த்தது; 1984-இல் நிறுத்திவிட்டார்கள். ஒரு சுற்றுக்கு 16 கட்டம், கட்டத்துக்கு ஒரு ஸ்வரம். 125 வேகத்தில் ஒரு கட்டம் 0.12 வினாடி.

பெட்டிக்குள் ஸ்வரம் என்பது வோல்டேஜ். 1 வோல்ட் கூட்டினால் கீழ் ஸா மேல் ஸா ஆகிவிடும். சாதாரணமாக வோல்டேஜ் படிக்குப் படி தாவும். 'ஸ்லைடு' போட்டாலோ, வழியில் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டரும், அதைச் சேர்த்துவைக்கும் ஒரு கபாசிட்டரும் வந்து உட்கார்ந்துகொள்ளும். கபாசிட்டர் நிரம்ப நேரம் பிடிக்கும்; அதுவரை சுருதி வழுக்கிக்கொண்டே போகும். இரண்டின் மதிப்பையும் பெருக்கினால் நேர மாறிலி. அவ்வளவு நேரத்தில் 63 சதவீதத் தூரம் கடந்துவிடும், ரி-க்குப் போனாலும் சரி, மேல் ஸாவுக்குப் போனாலும் சரி! புது ஸ்வரத்துக்கு மறுபடி தட்டும் விழாது. வீணையில் ஒரே மீட்டில் விரலை நகர்த்துவோமே, அந்த ஜாருதான்.

பாலிவுட் ஸ்டுடியோக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-இல் மும்பையில் இந்தப் பெட்டியை வைத்து டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களைப் பதிவுசெய்தார். அன்று யாரும் சீண்டவில்லை. 2010-இல் மறுவெளியீடு வந்ததும், 'ஆசிட் ஹவுஸ் பிறந்தது பம்பாயில்' என்று கிளம்பிவிட்டார்கள். (ஆசிட் ஹவுஸ் என்பது இந்தப் பெட்டியின் சத்தத்தை மையமாக வைத்த ஹவுஸ் வகை.) எனக்கு உடன்பாடில்லை. 1987-இல் சிகாகோக்காரர்கள் இசைத்தட்டாகக் கொண்டுவந்தது, இதே பெட்டியில் ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டர் குமிழை விடாமல் திருகிக் கண்டெடுத்த சத்தம். சரண்ஜித் சிங்குக்கோ ராகமும் காவல், டிஸ்கோவும் காவல். இரண்டுக்கும் நடுவில் வழுக்கினார்.

கல்லூரியில் கபாசிட்டர் நிரம்பும் இந்தப் பாடத்தை எனக்கு கிராஃப் தாளில் மட்டுமே காட்டினார்கள். லேபுக்கு வந்த பணம் திறப்பு விழாவுக்கும் கல்வெட்டுக்கும் போனது. போன மாதம் மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான லாமிங்டன் ரோட்டில் 100 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 1 மைக்ரோஃபாரட் கபாசிட்டரும் வாங்கி (பெருக்கினால் 0.1 வினாடி), வோல்டேஜுக்கு ஏற்ற சுருதியில் ஒலிக்கும் ஒரு ஆஸிலேட்டரோடு சேர்த்துக் கீழ்வீட்டு வீணை மாமிக்குப் போட்டுக் காட்டினேன்.

"கிளம்பறச்சே குபீர்னு பாயறது, ஸ்வரத்துகிட்ட வந்ததும் சோம்பல் முறிக்கறது. எப்பவுமே இப்படித்தானாடா?"

கிராஃப் தாளில் நான் வரைந்த அதே வளைவு! பத்து மடங்கு பெரிய கபாசிட்டரை மாற்றிப் பார்த்தேன். நேரம்தான் நீண்டது. மாமி மறுபடியும் உதட்டைப் பிதுக்கினார்.