சொல் விளக்கம்: அயனிமக் கொந்தளிப்பு

அல்சூரில் இருக்கும் அக்கா மகள் போன வாரம் ஒரு தாளை நீட்டினாள். "மாமா, அயனோஸ்பியர்ல பிளாஸ்மா டர்புலன்ஸ். இதைத் தமிழ்ல எப்படிச் சொல்றது?" மூன்றுமே இரவல் சொற்கள். அயனோஸ்பியர் என்பது அயனிகள் நிறைந்த மேல்வான அடுக்கு, அதாவது அயனி மண்டலம். சரி, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம்.

அயனி என்பது 1834இல் ஃபாரடே புழக்கத்துக்குக் கொண்டுவந்த 'அயான்'. கிரேக்கத்தில் 'போவது' என்று பொருள். மின்முனையை நோக்கிப் போகும் மின்னூட்டத் துகள் அல்லவா? வேடிக்கை என்னவென்றால், உத்தராயணத்தில் இருக்கிற வடமொழி 'அயன'த்துக்கும் போக்கு என்றுதான் பொருள். இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. ஒலியைப் பார்த்து எழுதிய சொல்லுக்குப் பொருளிலும் உறவு அமைந்துவிட்டது!

பிளாஸ்மா, 'வார்த்து உருவாக்கியது'. மின்துகள் நிறைந்த வாயுவுக்கு 1928இல் அமெரிக்க அறிவியலாளர் லாங்மியூர் வைத்த பெயர். ஆனால் இரத்தத்தின் திரவப் பகுதிக்கு அந்தப் பெயர் முன்பே இருந்தது. அதனால் தமிழில் அயனிமம் என்பதே என் தேர்வு. மின்மம் என்றும் எழுதுகிறார்கள், மின்னூட்டத்தோடு குழம்பும்.

டர்புலன்ஸின் வேர் லத்தீன் 'துர்பா': கும்பல், அமளி. மாலை ஆறு மணிக்கு சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில், வண்டி நிற்பதற்கு முன்பே முன்னால் இருப்பவர் முதுகில் பை இடிக்க, அவர் அடுத்தவர் மேல் சாய்வதைப் பார்த்தால் லத்தீன்காரர் நினைத்தது புரியும். தமிழ் பார்த்தது கடலை. அதனால் கொந்தளிப்பு. இந்த இடத்துக்குத் தமிழே கூடுதலாகப் பொருந்துகிறது என்பேன்.

எப்படி என்றால், தரையிலிருந்து வலுவான ரேடியோ அலையை மேலே, அயனி மண்டலத்துக்குள் செலுத்துகிறார்கள். அலாஸ்காவின் ஹார்ப் நிலையத்தில் 180 ஆண்டெனாக்கள், 3,600 கிலோவாட். இருநூறு கிலோமீட்டருக்கும் மேலே, எலக்ட்ரான்களின் இயல்பான அதிர்வெண் அலையின் அதிர்வெண்ணோடு ஒத்துவரும் ஓர் உயரம் உண்டு. ஊஞ்சலை அதன் தாளத்திலேயே தள்ளுவதுபோல, அங்கே ஆற்றல் அயனிமத்துக்குள் இறங்கி, எலக்ட்ரான்கள் கூட்டாக ஆடும் லாங்மியூர் அலைகளாகிறது. அந்த அலைகள் உடைந்து வேறு அலைகளாகின்றன, அவையும் உடைகின்றன. நார்வேயின் திரோம்சோவில் 1980களின் தொடக்கத்தில், அனுப்பாத அதிர்வெண்களும் தரைக்குத் திரும்பி வந்தன.

"கொந்தளிப்புன்னு போட்டா புயல் வரும்னு வாட்ஸ்அப்ல கிளப்பிடுவாங்களே?"

மழையும் புயலும் பெரும்பாலும் பதினைந்து கிலோமீட்டருக்குக் கீழேயே முடிந்துவிடும் என்றேன். தலையாட்டினாள். அப்புறம் 'அயனி மண்டல அயனிமக் கொந்தளிப்பு' என்று எழுதி, வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். இரண்டு தடவை நாக்கு இடறியது. அவள் தாளின் தலைப்பில் மட்டும் 'மேல்வான அயனிமக் கொந்தளிப்பு' என்று மாற்றிக்கொண்டோம்.